'கரக நடனம்' என்று ஏன் எழுதக் கூடாது?

போன வாரம் ஒரு கலைவிழா அழைப்பிதழின் மெய்ப்பு என்னிடம் வந்தது. பிழை இருந்தால் திருத்திக் கொடுங்கள் என்றார்கள். நாடு முழுவதிலிருந்தும் குழுக்கள் வந்து ஆடுகிற விழா. தலைப்பு 'இந்தியக் கிராமிய நடனங்கள்'. முதல் வரி 'கரக நடனம், தமிழ்நாடு'. அடுத்தது 'ஒயில் நடனம்'. அப்புறம் 'குச்சி நடனம், குஜராத்', 'டொள்ளு குணித நடனம், கர்நாடகம்', 'மூங்கில் நடனம், மிசோரம்'. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் சொல் எல்லாம் பிழை. மேடை அறிவிப்பிலும் போட்டித் தேர்வுக் கையேட்டிலும் இந்தக் 'கரக நடன'த்தைப் பல தடவை கேட்டும் படித்தும் சும்மா இருந்துவிட்டேன். இந்தத் தடவை முடியவில்லை.

இது எப்படி வருகிறது என்பது தெரிந்ததுதான். நம்மூர்க் கரகாட்டம் ஆங்கிலத் தாளுக்குள் போகும்போது 'கரகம் டான்ஸ்' ஆகிறது. அந்தத் தாள் மொழிபெயர்ப்புக்கு வருகிறது. டான்ஸ் என்றால் நடனம், ஆகவே கரக நடனம். தமிழிலிருந்து போன சொல் தமிழுக்கே திரும்பும்போது வீட்டுக்காரர்களுக்கே அடையாளம் தெரியாமல் வந்து நிற்கிறது. மொழிபெயர்த்தவர் ஒரு திருவிழாவையாவது நினைத்துப் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்.

சரி, சொல்லுக்கு வருவோம். நடனம் வடமொழிச் சொல். 'நட்' என்னும் வேரிலிருந்து வந்தது. ஆட்டம் 'ஆடு' என்னும் வினையிலிருந்து பிறந்தது. ஆடு என்பதற்கு அடிப்படைப் பொருள் அசைதல். தொட்டில் ஆடுகிறது, பல் ஆடுகிறது, மரக்கிளை ஆடுகிறது. அந்த அசைவிலிருந்துதான் விளையாடு, நீராடு, போராடு, உரையாடு, ஊசலாடு எல்லாம் கிளைத்தன. மாதவி ஆடிய 11 ஆடல்களைச் சொல்கிற சிலப்பதிகாரப் பகுதிக்குக் கடலாடு காதை என்று பெயர். அங்கே தலைப்பில் இருக்கிற 'ஆடு' கடலில் நீராடுவது. ஒரே வினை இரண்டையும் தாங்குகிறது. கன்னடத்திலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் இந்த 'ஆடு' உயிரோடு இருக்கிறது.

இனி நம் ஆட்டங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். கரகாட்டம், காவடியாட்டம், ஒயிலாட்டம், தேவராட்டம், மயிலாட்டம், மாடாட்டம், புலியாட்டம், பொய்க்கால் குதிரையாட்டம், கோலாட்டம், தப்பாட்டம், களியலாட்டம், சேவையாட்டம். மிச்சம் இருப்பவை கும்மியும் கூத்தும். இத்தனை பெயர்களில் ஒன்றாவது 'நடனம்' என்று முடிகிறதா? ஆடுகிறவர்களும் பார்க்கிறவர்களும் சேர்ந்து வைத்த பெயர்கள் இவை. அந்த மக்கள் தேடி எடுத்த சொல் ஆட்டம்.

வினையை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அவள் கரகம் ஆடுகிறாள். இவன் காவடி ஆடினான். கோயிலில் சாமி ஆடுகிறார்கள். 'கரகம் நடனம் செய்கிறாள்' என்று யார் சொல்வார்கள்? 'சாமி நடனம்' என்று சொன்னால் பொருளே போய்விடும். நடனத்துக்கென்று இன்றைய தமிழில் தனி வினை கிடையாது. நடனப் பள்ளியில் படிக்கிற பிள்ளையும் நடனம் 'ஆட'த்தான் வேண்டியிருக்கிறது.

கரகத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அதிலேயே இரண்டு வகை உண்டு என்று தெரியும். கோயிலுக்கு வேண்டிக்கொண்டு பூ அலங்காரத்தோடு தலையில் தூக்கி வருவது சக்திக் கரகம். கூட்டத்துக்கு நடுவே நாயனமும் தவிலும் பம்பையும் முழங்க, செம்பின் உச்சியில் கிளி சுற்ற, கையால் தொடாமல் ஆடுவது ஆட்டக் கரகம். இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்கு அந்தக் கலைஞர்கள் வைத்த சொல்லே ஆட்டம்தான். அதைக் கழற்றிவிட்டு நடனத்தை ஒட்டினால் அவர்கள் செய்த பாகுபாடும் கூடவே போய்விடுகிறது.

எனக்குத் தனித்தமிழில் பிடிப்பு உண்டு, மறைக்கவில்லை. ஆனாலும் நடனம் வடசொல் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வடக்கிலும் இதே கதை நடக்கிறது. ஊரில் மக்கள் சொல்வது 'நாச்'. வங்கத்தில் சௌ நாச், அசாமில் பிஹு நாச். அதுவே அரசு அறிக்கையில் 'லோக் நிருத்ய' ஆகிவிடுகிறது. நாச் என்பதும் நிருத்யத்திலிருந்து பிராகிருதம் வழியாக வந்த சொல்தான். ஒரே குடும்பத்துச் சொற்களிலேயே ஒன்று தெருவுக்கு, ஒன்று அரங்குக்கு என்று பிரிந்து நிற்கின்றன. தமிழில் ஆட்டமும் நடனமும் அப்படித்தான் பிரிந்திருக்கின்றன. தெருவில் பிறந்ததற்கு அரங்கின் சொல்லைப் போட்டால் அது என்ன, எங்கே நடக்கிறது, யார் ஆடுகிறார்கள் என்பது எல்லாம் மங்கிப்போகிறது.

'ஆட்டம் என்றால் கொஞ்சம் கீழான சொல்லாகத் தோன்றுகிறதே' என்று ஒரு நண்பர் கேட்டார். 'ரொம்ப ஆட்டம் போடாதே' என்று திட்டுகிறோம், உண்மை. ஆனால் தில்லையில் ஆடுகிறவனுக்குத் தமிழ் கொடுத்த பெயர் ஆடவல்லான், கூத்தன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் அளந்த மரக்காலுக்கே ஆடவல்லான் என்று பெயர். கேரளத்தில் மோகினியாட்டத்தையும் கூடியாட்டத்தையும் பாருங்கள். சங்கீத நாடக அகாதெமி செவ்வியல் என்று ஏற்ற 8 நடனங்களில் மோகினியாட்டம் ஒன்று. கூடியாட்டம் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. பெயரில் ஆட்டம் இருப்பதால் அவற்றின் மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை. நம் பக்கம்தான் கூச்சம். சதிராட்டம் என்று இருந்தது 1930-களில் பரதநாட்டியம் ஆயிற்று. பெயர் மாறிய அதே காலத்தில் மேடையில் நின்றவர்களும் மாறினார்கள். தலைமுறை தலைமுறையாகச் சதிர் ஆடிய குடும்பங்கள் ஓரத்துக்குப் போயின. பெயரை மாற்றுவது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

அடுத்தது தலைப்பில் இருந்த 'கிராமிய'. இதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. ஃபோக் என்பதைக் கிராமம் என்று எடுத்துக்கொண்டது யார் என்று தெரியவில்லை. அந்தச் சொல்லுக்கு மக்கள் என்று பொருள். அவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்பது அதில் இல்லை. இந்தியாவின் ஆட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்தால் 'கிராமிய' எவ்வளவு பொருந்தாது என்று தெரியும். ஜார்க்கண்டின் செரைகேலா சௌ ஆட்டத்தில் அரச குடும்பத்தார் தாங்களே முகமூடி அணிந்து ஆடியிருக்கிறார்கள். ஒடிசாவின் மயூர்பஞ்ச் சௌ முகமூடி இல்லாதது; அதுவும் அரண்மனை ஆதரவில் வளர்ந்தது. மேற்கு வங்கத்தின் புருலியா சௌ பெரிய முகமூடியும் துள்ளிச் சுழலுகிற பாய்ச்சலுமாக ஊர்த் திடலில் ஆடுவது. மூன்றும் சௌதான். இதில் எதைக் கிராமிய நடனம் என்பது, எதை விடுவது? ராஜஸ்தானின் கால்பேலியா மக்கள் பாம்பு பிடித்து, மகுடி ஊதி, ஊர் ஊராகத் திரிந்தவர்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு பாம்புத் தொழில் போய், பெண்களின் ஆட்டமே பிழைப்பாயிற்று. அவர்களுக்கென்று நிலையான கிராமமே இல்லாதிருந்தபோது அவர்கள் ஆட்டம் எப்படிக் கிராமியம் ஆகும்? கர்பாவை நவராத்திரியில் அகமதாபாத், வடோதரா மாதிரி பெருநகரங்களில்தான் ஆயிரக்கணக்கானவர்கள் வட்டம் வட்டமாக ஆடுகிறார்கள். 2023-ல் அது யுனெஸ்கோ பட்டியலுக்குப் போனது. நகரத்தில் ஆடியதால் அது மக்கள் ஆட்டம் இல்லை என்று ஆகிவிடுமா?

இன்னொன்றும் உண்டு. வடமொழி அணி நூல்களில் 'கிராம்யம்' என்பது சொற்குற்றத்தின் பெயர். நாகரிகம் இல்லாத பேச்சு என்று பொருள். அந்த ஏளனம் சொல்லுக்குள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வானொலியும் பள்ளி ஆண்டுவிழாவும் 'கிராமிய நடனம்' என்று சொல்லிச் சொல்லி, பாவாடை தாவணியும் தலைப்பாகையும் கட்டிக்கொண்டு சினிமாப் பாட்டுக்கு ஆடுவது எல்லாம் அதற்குள் வந்துவிட்டது. தேவராட்டத்தைத் தேவதுந்துபி என்னும் தோற்கருவியின் அடிக்கு அடி ஆடப் பழகுகிற ராஜகம்பளத்து நாயக்கர் சமூகத்து ஆட்டக்காரர்களையும் அதே பெயருக்குள் அடைக்கிறார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

'நாட்டுப்புற' இதைவிட நல்லது. பல்கலைக்கழகங்களில் வேரூன்றிய சொல், தமிழ்ச் சொல். ஆனால் புறம் என்பதில் நகரத்துக்கு வெளியே என்ற பார்வை இருக்கிறது. 'நாட்டுப்புறத்தான்' என்று வசவாகவும் வழங்குகிறது. 'நாட்டார்' என்றால் நாட்டு மக்கள். சோழர் கல்வெட்டுகளில் நாட்டுச் சபையாரை நாட்டார் என்றார்கள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் ஒரு துறைக்கே நாட்டார் வழக்காற்றியல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சில பகுதிகளில் இது குறிப்பிட்ட சமூகத்தாரையும் குறிக்கும் என்பது ஒரு குறைதான். இருந்தாலும் இடத்தைச் சொல்லாமல் ஆளைச் சொல்கிறதே, அதனால் என் ஓட்டு நாட்டாருக்கு. சிலப்பதிகாரம் வேத்தியல், பொதுவியல் என்று பிரிக்கிறது. அரசருக்கு ஆடுவது ஒன்று, எல்லாருக்கும் ஆடுவது இன்னொன்று. பொதுவியல் எவ்வளவு அழகான சொல்! இன்று சொன்னால் விளங்காது என்பதால்தான் அதைக் கேட்காமல் விடுகிறேன்.

ஆட்டம் என்றால் கிரிக்கெட் ஆட்டம் என்று குழம்ப மாட்டார்களா? மாட்டார்கள். 'நாட்டார் ஆட்டம்' என்று சேர்த்து எழுதிய பிறகு யாரும் மட்டையைத் தேடப் போவதில்லை. கதை சொல்லி நடிப்பதாக இருந்தால் கூத்து, ஆடுவது மட்டும் என்றால் ஆட்டம். இந்த வேறுபாடும் நடனத்தில் கிடைக்காது.

பிற மாநிலத்துப் பெயர்களுக்கு ஒரே வழி, அவற்றை அப்படியே எடுத்துக்கொள்வது. கன்னடத்தில் குணித என்றாலே ஆட்டம். 'டொள்ளு குணித நடனம்' என்பது நடுச்சென்டர் மாதிரி. குஜராத்தில் கோல் தட்டி ஆடுகிற தாண்டியாவுக்கு நம்மிடம் கோலாட்டம் என்ற உறவுக்காரச் சொல் இருக்கும்போது 'குச்சி நடனம்' எதற்கு? மிசோரமில் ஆண்கள் உட்கார்ந்து மூங்கில் கழிகளைத் தட்டித் தட்டி விரிக்க, பெண்கள் இடையில் கால் வைத்து எடுத்து ஆடுவதற்குச் செராவ் என்று பெயர். 'மூங்கில் நடனம்' என்று எழுதினால் அந்தப் பெயரே தமிழ் வாசகருக்குத் தெரியாமல் போகிறது. செராவ் என்று போட்டு, கீழே ஒரு வரியில் மூங்கில் கழிகளுக்கு நடுவே ஆடுவது என்று சொல்லிவிடலாம்.

மெய்ப்பில் சிவப்பு மையால் இப்படியே திருத்தினேன்: இந்திய நாட்டார் ஆட்டங்கள். கரகாட்டம், ஒயிலாட்டம், தாண்டியா, டொள்ளு குணித, செராவ். இடம் மிச்சமானதில் கரகாட்டத்துக்குப் பக்கத்தில் ஆடுகிறவர்களின் பெயரும், நாயனமும் தவிலும் வாசிப்பவர்களின் பெயரும் போடலாமே என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அச்சு இன்னும் ஏறவில்லை என்றார்கள்.