இராணுவப் பணிக்குப் போனவரின் வீட்டை வங்கி ஏலம் விடலாமா? அமெரிக்கச் சட்டம் சொல்வது என்ன?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வீட்டுக்கடன் தவணை தவறினால் வங்கி வழக்குப் போட வேண்டியதில்லை. உள்ளூர்ச் செய்தித்தாளில் நான்கு வாரம் விளம்பரம் கொடுத்துவிட்டு, மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை நீதிமன்ற வாசலில் வீட்டை ஏலம் விட்டுவிடலாம். உள்ளே அமர்ந்திருக்கும் நீதிபதிக்கு அந்த வீட்டைப் பற்றி ஒன்றுமே தெரிந்திருக்காது. டெக்சாஸ், கலிபோர்னியா போன்ற மாநிலங்களிலும் வழக்கில்லாமல் ஏலம் விட வழி உண்டு. வீட்டுக்காரர் அந்த நேரத்தில் கடல் கடந்து ஒரு போர்முனையில் இருந்தால், விளம்பரத்தை யார் பார்ப்பது, யார் ஆட்சேபிப்பது?

இதற்காகத்தான் படைவீரர் குடிமை நிவாரணச் சட்டம் இருக்கிறது. சுருக்கமாக எஸ்.சி.ஆர்.ஏ. என்பார்கள். முதல் உலகப் போர்க்காலத்தில், 1918இல், இதன் முன்னோடி பிறந்தது. 1940இல் மறுபடி இயற்றப்பட்டது. இப்போதைய வடிவம் 2003 டிசம்பரில் வந்தது.

வீட்டைப் பொறுத்தவரை இதன் உயிர்நாடி ஒரே விதிதான். படைப்பணியில் சேரும் முன்பு வாங்கிய அடமானக் கடனுக்காக, பணிக்காலத்திலும் அது முடிந்த பின் ஓராண்டு வரையிலும், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வீட்டை ஏலம் விட்டால் அந்த ஏலம் செல்லாது. மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் செல்லாது. தெரிந்தே அப்படிச் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அந்த ஓராண்டுப் பாதுகாப்பு எளிதில் கிடைத்துவிடவில்லை. முதலில் 90 நாட்கள்தான் இருந்தது. வீட்டுக்கடன் நெருக்கடி முற்றிய 2008இல் ஒன்பது மாதமாகவும், 2012இல் இயற்றிய சட்டத்தால் ஓராண்டாகவும் நீண்டது, 2018இல்தான் நிரந்தரமாயிற்று.

இந்தப் பாதுகாப்பைப் பெற வங்கிக்கு விண்ணப்பிக்க வேண்டியதில்லை; வருமானம் குறைந்ததென்று நிரூபிக்கவும் வேண்டியதில்லை. வங்கி நீதிமன்றத்துக்குப் போனால்தான் அந்தக் கேள்வியே எழும். இராணுவப் பணியால் கடன் கட்டும் திறன் பாதிக்கப்பட்டிருந்தால், நீதிபதி வழக்கை நிறுத்தி வைக்கலாம், தவணையை மாற்றியமைக்கலாம். எதிர்த்தரப்பு வராத வழக்கில் தீர்ப்புக் கேட்கும் வங்கி, அவர் படையில் இருக்கிறாரா இல்லையா என்று பிரமாணப் பத்திரம் தர வேண்டும்.

இரண்டாவது சலுகை வட்டி. பணிக்கு முன் வாங்கிய கடனுக்கு வட்டி 6 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்கியதாக இருந்தாலும் இதுவே விதி. வீட்டுக்கடனுக்கு மட்டும் பணி முடிந்த பின்னும் ஓராண்டு இது தொடரும். 3,00,000 டாலர் பாக்கிக்கு 7 சதவீதம் என்றால் மாத வட்டி 1,750 டாலர். 6 சதவீதத்தில் அது 1,500. அந்த 250 டாலர் தள்ளிவைக்கப்படுவதில்லை, அடியோடு தள்ளுபடியாகிறது, மாதத் தவணையும் அந்த அளவுக்குக் குறைய வேண்டும். ஆனால் இது தானாக வராது. பணி ஆணையின் நகலோடு வங்கிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பணி முடிந்து 180 நாட்களுக்குள் தெரிவித்தால்கூட, பணியில் சேர்ந்த நாளிலிருந்தே கணக்கிடப்படும். ஒரு கடிதம் எழுதாததால் இதை இழக்கும் குடும்பங்களை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. முழுநேரப் பணியில் இருக்கும்போது வாங்கிய வீட்டுக்கு மேற்சொன்ன ஏலத் தடையோ வட்டி வரம்போ பொருந்தாது. இவற்றால் பெரிதும் பயனடைவோர், சாதாரண வேலையில் இருந்தபோது வீடு வாங்கி, பிறகு அழைப்பு வந்து போகும் ரிசர்வ் படையினரும் நேஷனல் கார்டு படையினரும்தான். தவணையும் ரத்தாவதில்லை, கடன் கடனாகவே நிற்கும்.

வங்கி நீட்டும் தாள்களில் கையெழுத்திடும் முன் நிதானம் வேண்டும். இந்த உரிமைகளை விட்டுக்கொடுக்கலாம். ஆனால் அந்த ஒப்பந்தம் தனி ஆவணமாக, குறைந்தது 12 புள்ளி (பாயின்ட்) அளவுள்ள எழுத்தில், பணியில் சேர்ந்த பிறகு எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். வீடு வாங்கிய நாளில் பத்திரக் கட்டுக்குள் புதைத்து வைத்த ஒரு வரி செல்லாது.

சட்டம் இருந்தும் மீறல்கள் நடந்தன. 2011 மே மாதம், சுமார் 160 படையினரின் வீடுகளைச் சட்டவிரோதமாகப் பறித்ததாக எழுந்த வழக்கில், முன்பு கண்ட்ரிவைடு என்ற பெயரில் இயங்கிய பேங்க் ஆஃப் அமெரிக்காவின் துணை நிறுவனம் 2 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. ஒருவர் படையில் இருக்கிறாரா என்பதைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் எந்த வங்கியும் கட்டணமின்றிச் சரிபார்க்கலாம். எனவே தெரியாமல் நடந்தது என்ற பதிலை நான் ஏற்க மாட்டேன்.

ஏல அறிவிப்பு வந்துவிட்டால், படைத்தளத்தில் உள்ள சட்ட உதவி அலுவலகத்துக்கு உடனே போக வேண்டும். அங்கே ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை, குடும்பத்தாரும் போகலாம். வங்கிமீது பாதிக்கப்பட்டவரே வழக்குத் தொடர 2010ஆம் ஆண்டின் திருத்தம் வெளிப்படையாக உரிமை தந்திருக்கிறது. புறப்படும் முன்பே நம்பிக்கையான ஒருவருக்குப் பவர் பத்திரம் எழுதிக்கொடுத்து, வங்கிக் கடிதங்களைப் பிரித்துப் படிக்கச் சொல்லிவிட்டுப் போவது நல்லது. வங்கியின் அறிவிப்புகள் பெரும்பாலும் வீட்டு முகவரிக்குத்தான் வருகின்றன.