வணக்கம் சொல்லாத பிள்ளை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளிலிருந்து பார்வைக் குறைபாடுள்ள இளையோரை என்னிடம் அழைத்து வரும் பெற்றோர் சொல்லும் புகார் இந்த மாதமும் மாறவில்லை. "கோயிலில் மாமா எதிரே வந்து சிரிக்கிறார், இவன் பார்த்தும் பாராதது போல் போகிறான்; திமிர்" என்றார் ஒரு தகப்பனார். பதினாறு வயது மகன் மறுக்கவில்லை. "நான் அப்படித்தான், யாரோடும் ஒட்டமாட்டேன்" என்றான். எனக்குக் கோபம் வந்தது அந்தப் பதிலைக் கேட்டுத்தான்.

அவனுக்கு இருப்பது ஸ்டார்கார்ட் நோய். மரபுவழி வரும் இந்நோய் பெரும்பாலும் பள்ளிப் பருவத்தில் தொடங்கி நடுப்பார்வையைக் கெடுக்கிறது, கண்ணாடியால் சரியாகாது. ஓரப்பார்வை பொதுவாகத் தங்கிவிடுவதால் நாற்காலியில் இடிக்காமல் நடப்பான், ஆனால் எதிரே நிற்பவரின் முகம் அவனுக்குப் பிடிபடாது. "வேண்டும்போது மட்டும் கண் தெரியுமோ?" என்று கேட்பவர்களுக்கு எத்தனை முறை சொல்வது? பார்வை முழுதாக இருக்கும், இல்லாவிட்டால் அறவே இருக்காது என்ற எண்ணத்தை விட்டொழியுங்கள். இருட்டுப் பார்வையும் ஓரப்பார்வையும் முதலில் குறையும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற நோய் உள்ள பெண் பகலில் பொடி எழுத்தையும் படித்துவிட்டு, மாலை மங்கலில் கோயில் படியில் தடுக்கி விழக்கூடும். இருவருமே நடிக்கவில்லை. அந்தப் பையன் முகத்தைச் சற்றுத் திருப்பிப் பார்ப்பது மிச்சமுள்ள ஓரப்பார்வையைப் பயன்படுத்தும் முறை. நாங்கள் பயிற்சி கொடுத்துக் கற்றுத் தருவதை, "நேரே பார்த்துப் பேசு" என்ற ஓர் அதட்டலில் நீங்கள் கெடுக்கிறீர்கள்.

பார்வை அறவே இல்லாத பிள்ளை வணக்கம் சொல்லாவிட்டால் ஊருக்குக் காரணம் தெரியும். அரைகுறைப் பார்வை உள்ளவனுக்கோ கண்ணின் குறை குணத்தின் குறையாகச் சொல்லப்பட, அவனும் அதை நம்பிவிடுகிறான். 17 வயதில் நண்பர்கள் கார் ஓட்டப் பழகும் உரிமத்துக்கான லேர்னர்ஸ் தேர்வு எழுதப் போகும்போது, "எனக்குக் கார் ஓட்டவே பிடிக்காது" என்கிறான்.

அவனிடம் பேசும்முன் நீங்கள் யாரென்று சொல்லுங்கள். நான் அவனைக் கேட்கும் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். பள்ளி இறுதியாண்டு மெட்ரிக் தேர்வில் பெரிய எழுத்து வினாத்தாளும் கூடுதல் நேரமும் கேட்க வழியுண்டு. பள்ளி மூலம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், "ஊருக்குத் தெரிந்துவிடும்" என்று தள்ளிப்போடாதீர்கள். (யாரோ சொன்னார்கள் என்று வைட்டமின் ஏ மாத்திரையும் வாங்கிக் கொடுக்காதீர்கள், ஸ்டார்கார்ட் நோயில் தவிர்க்கச் சொல்வதே அதைத்தான்.)

தைப்பூசக் காவடிக் கூட்டத்துக்குப் போகுமுன், "எனக்கு முகம் தெரியாது, பெயரைச் சொல்லுங்கள்" என்று அவன் வீட்டிலேயே சொல்லிப் பழகட்டும். முதல் தடவை வெளியில் சொல்லும்போது குரல் தடுமாறும். அம்மா, தயவுசெய்து அப்போது குறுக்கே பேசிவிடாதீர்கள்.