சூப்பில் என்ன, புத்தகத்தில் என்ன: இகேடா, தகாராசுகா போகும் குடும்பங்களுக்கு

ஒசாகாவுக்கு வரும் நம்மூர்க் குடும்பங்களை ஊர் சுற்றிக் காட்டுவது என் தொழில். கோட்டை, டோட்டன்போரி, யுனிவர்சல் ஸ்டுடியோ எல்லாம் அவர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள். பிள்ளைகளோடு வருபவர்களுக்கு நானாகச் சிபாரிசு செய்யும் நாள் ஒன்று உண்டு. காலையில் இகேடாவில் கப் நூடுல்ஸ் அருங்காட்சியகம், மதியத்துக்கு மேல் தகாராசுகாவில், மாங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைகளை வரைந்த ஒசாமு தெசுகாவின் மாங்கா அருங்காட்சியகம். இரண்டும் ஹான்கியூ ரயிலின் ஒரே தடத்தில் இருக்கின்றன. ஒசாகாவின் உமேடா நிலையத்தில் ஏறினால் இருபது நிமிடத்தில் இகேடா, அங்கிருந்து கால் மணி நேரத்தில் தகாராசுகா.

அருமையான நாள்தான். ஆனால் சைவக் குடும்பம், ஒவ்வாமை உள்ள குழந்தை, மாங்கா வாங்கியே தீருவேன் என்று நிற்கும் பிள்ளை, இந்த மூன்று விஷயத்திலும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினால் சிக்கல்தான். அதனால் பயணத்துக்கு முன்பே நான் சொல்லிவிடுவதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சூப். ராமென் என்றால் பலரும் நூடுல்ஸைத்தான் நினைக்கிறார்கள். சமைப்பவருக்கு அது சூப். பன்றி எலும்பையும் கோழி எலும்பையும் மணிக்கணக்கில் கொதிக்க வைத்து இறக்கியது. மேலே வைக்கும் இறைச்சித் துண்டு கடைசி நேர அலங்காரம் மாதிரி. "கறி வேண்டாம்னு மட்டும் சொல்லிடுங்க சார், போதும்" என்று சொல்லும் அப்பாக்கள் நிறையப் பேர். கடைக்காரரிடம் சொன்னால் அந்தத் துண்டை எடுத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு கிண்ணத்தைத் தருவார். சூப் அதே சூப்தான். சோயா சாஸ் ராமென், மிசோ (புளித்த சோயா விழுது) ராமென் என்று பெயர் சைவம் போல ஒலித்தாலும் பெரும்பாலான கடைகளில் அடியில் இருப்பது எலும்புச் சாறுதான். சரி, தடித்த கோதுமை நூடுல்ஸான உதோனுக்குப் போகலாம் என்றால் அங்கே தாஷி. கடற்பாசியோடு உலர்ந்த மீன் சீவல் போட்டு எடுத்த சாறு அது. பொரித்த டோஃபு மட்டும் மிதக்கும் கிட்சுனே உதோனிலும் அந்த மீன் உண்டு. கடற்பாசியும் ஷீடாகே காளானும் மட்டும் போட்டுச் சாறு எடுக்கும் சைவக் கடைகள் ஜப்பானில் இருக்கின்றன. ஆனால் அவற்றை முன்பே தேடி வைத்துக்கொள்ள வேண்டும். பசியோடு தெருவில் நின்று தேடினால் கிடைக்காது.

இகேடா அருங்காட்சியகத்துக்கும் இது பொருந்தும். நுழைவு இலவசம். 500 யென் கொடுத்து ஒரு காலிக் கப் வாங்கி, அதன்மேல் பிள்ளைகள் படம் வரைந்து, நான்கு சூப்பில் ஒன்றையும் பன்னிரண்டு பொருள்களில் நான்கையும் தேர்ந்தெடுக்கலாம். மொத்தம் 5,460 விதமான சேர்க்கைகள் என்று அங்கேயே சொல்வார்கள். அந்த நான்கு சூப்பில் ஒன்றுகூடச் சைவமில்லை. 'கர்ரி' (curry) மசாலா வாசம் நமக்குப் பழக்கமானது என்று அந்தச் சூப்பை எடுப்பவர்கள் அதிகம், அதிலும் இறைச்சிச் சாறு உண்டு. நூடுல்ஸிலேயே கோழி, பன்றிச் சாறு சேர்ப்பதால் இறைச்சித் துண்டைத் தவிர்த்துச் சோளமும் வெங்காயத்தாளும் போட்டாலும் சைவமாகாது. இந்தியாவில் டாப் ராமென் பொட்டலத்தில் பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்கிப் பழகிவிட்டோம். இங்கே அப்படி ஒரு கட்டாயக் குறி கிடையாது. டாப் ராமெனும் கப் நூடுல்ஸும் செய்யும் கம்பெனி அதே நிசின்தான், உள்ளே இருக்கும் சரக்கு வேறு. சைவக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் நான் முதல் நாளே சொல்லிவிடுவேன்: கப்பில் வரையலாம், பிடியைச் சுற்றி நூடுல்ஸ் மேல் கப் கவிழ்வதைப் பார்க்கலாம், ஆனால் சாப்பிட முடியாது. முன்பே தெரிந்த பிள்ளை அழுவதில்லை. பள்ளி நண்பனுக்குக் கொடுக்கலாம் என்று அதுவே முடிவெடுக்கும்.

ஒவ்வாமை விஷயத்தில் இன்னும் கறாராக இருப்பேன். ஜப்பானில் பொட்டலமிட்ட உணவில் குறிப்பிட்ட சில பொருள்களைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும்: இறால், நண்டு, வால்நட், கோதுமை, சோபா எனப்படும் பக்வீட் தானியம், முட்டை, பால், வேர்க்கடலை போன்றவை. உணவகங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. சோபா நம் வீட்டுச் சமையலில் இல்லாததால் பிள்ளைக்கு அது ஒத்துக்கொள்ளுமா என்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது மூச்சுத் திணறல் வரை கொண்டுபோய்விடும். ஒரே கடையில் உதோனையும் சோபா மாவு நூடுல்ஸையும் ஒரே தண்ணீரில் வேகவைப்பதும் உண்டு. ஒவ்வாமை இருக்கும் பிள்ளையோடு வருபவர்கள் ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டையையும் மருத்துவர் கொடுத்த மருந்தையும் கையிலேயே வைத்திருங்கள், பெட்டியில் வேண்டாம். அருங்காட்சியகத்தில் மாவு பிசைந்து சிக்கன் ராமென் என்ற உடனடி நூடுல்ஸ் செய்யும் வகுப்புக்கு முன்பதிவு வேண்டும். கோதுமை ஒவ்வாமை இருந்தால் அந்த வகுப்பே வேண்டாம்.

மதியச் சாப்பாட்டுக்கு என் யோசனை எளிது. அறையில் அடுப்பு இருந்தால் எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். நகர ரயிலில் சாப்பிட்டால் முகம் சுளிப்பார்கள், இறங்கிய பிறகு பெஞ்ச் பார்த்து உட்காரலாம்.

சாப்பிட முடியாவிட்டால் இகேடாவுக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்பீர்கள். உள்ளே ஒரு சின்னக் கொட்டகையின் மாதிரி இருக்கிறது, அதற்காகவே போகலாம். போர் முடிந்த பிறகு உமேடா நிலையத்துக்குப் பின்னால், இடிபாடுகளுக்கு நடுவே, ஒரு கிண்ணம் ராமெனுக்கு மக்கள் குளிரில் வரிசையில் நின்றதை, பின்னாளில் உடனடி நூடுல்ஸைக் கண்டுபிடித்து நிசினை நிறுவிய மொமொஃபுகு ஆண்டோ பார்த்தார். பிற்பாடு அவர் தலைமையில் இருந்த கடன் சங்கம் நொடித்துப்போனது. இகேடா வீடு மிஞ்சியது. கொல்லையில் கொட்டகை போட்டு, 48 வயதில் மாவோடு மல்லுக்கட்டினார். மனைவி தெம்புரா (மாவில் தோய்த்துப் பொரிப்பது) பொரிக்கும்போது எண்ணெயில் மாவின் ஈரம் கொப்பளித்து வெளியேறுவதைக் கவனித்ததில் வழி பிறந்தது. நீர் போன இடத்தில் நுண்ணிய துளைகள் விழும், அப்புறம் அந்தத் துளை வழியாகவே வெந்நீர் உள்ளே ஏறும். 1958 ஆகஸ்ட் 25 அன்று சிக்கன் ராமென் 35 யென்னுக்கு விற்பனைக்கு வந்தது. அன்றைக்கு ஒரு உருண்டை உதோன் 6 யென், அதனால் வணிகர்கள் முதலில் தயங்கினார்கள். கப் நூடுல்ஸ் வந்தது 1971-ல். கொட்டகைக்குள் இருக்கும் கருவிகளைப் பிள்ளைகளோடு நின்று பாருங்கள், எல்லாம் சாதாரணச் சமையலறைச் சாமான்கள்.

அதே போரின் கடைசி மாதங்களில் 16 வயது தெசுகா ஒசாகாவில் ஒரு தொழிற்சாலை வேலைக்கு அனுப்பப்பட்டு, 1945 ஜூன் குண்டுவீச்சில் தப்பிப் பிழைத்தார். மருத்துவம் படித்துத் தேறியும் படக்கதையையே எடுத்துக்கொண்டார். சிறுவயதிலிருந்து இருபது ஆண்டு அவர் வாழ்ந்த ஊர் தகாராசுகா, அருங்காட்சியகம் 1994-ல் திறந்தது. பள்ளி நாட்களில் அவர் வரைந்த பூச்சிப் படங்களைத் தவறவிடாதீர்கள். போகிற வழியில் வரும் பெரிய அரங்கம் பெண்கள் மட்டுமே நடிக்கும் தகாராசுகா நாடகக் குழுவுடையது. தெசுகாவுக்கு அம்மா கூட்டிப்போய்க் காட்டிய அந்த நாடகங்களின் சாயல் அவர் படக்கதைகளில் இருக்கிறது.

பெற்றோர் கவனிக்க வேண்டியது இங்கேதான். படம் போட்ட புத்தகம் என்றால் பிள்ளைகளுக்கானது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். ஜப்பானில் மாங்கா எல்லா வயதினருக்கும் உண்டு, கடும் வன்முறையும் பாலுறவும் வரும் வகை உட்பட. கடைகளில் பிளாஸ்டிக் உறை போட்டிருப்பதால் புரட்டிப் பார்க்கவும் முடியாது. தெசுகாவையே எடுத்துக்கொண்டால், 'ஆட்டம்' (Atom) என்ற பெயருள்ள இயந்திரச் சிறுவனின் கதையைச் சின்னவர்கள் படிக்கலாம். 'பிளாக் ஜாக்' ஓர் அறுவை மருத்துவரின் கதை, திறந்த உடலை அப்படியே வரைந்திருப்பார். 'புத்தா'வில் பஞ்சம், கொலை, ஆடையற்ற உடல்கள் எல்லாம் உண்டு. சாமி கதை என்று ஏழு வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்க வேண்டாம். வளர்ந்த பிள்ளைக்கு நான் தயங்காமல் சொல்லும் புத்தகமும் அதுதான். மேல்மாடி நூலகத்தில் பிறமொழிப் பதிப்புகளும் இருக்கின்றன. வாங்கும் முன் அங்கேயே உட்கார்ந்து நீங்கள் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

இகேடாவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, தகாராசுகாவுக்கு வேறு கிழமை. தேதி குறிப்பதற்கு முன் இரண்டு இடங்களின் நாட்காட்டியையும் பார்த்துவிடுங்கள். பள்ளி விடுமுறைக் காலமென்றால் இகேடாவில் கதவு திறக்கும் நேரத்துக்கே போய் நில்லுங்கள், கப் வாங்கும் வரிசை சீக்கிரம் நீண்டுவிடும்.