சிங்கப்பூரில் வேலை, ஊரில் வாக்கு: இந்தியக் குடிமக்களுக்கான விதி என்ன?

தமிழ்நாட்டில் தேர்தல் நெருங்கும்போதெல்லாம், ஞாயிறு மாலைகளில் சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் கூடும் நம்மவர் பேச்சில் "இங்கிருந்தே ஓட்டுப் போட முடியுமா?" என்ற கேள்வி தவறாமல் எழும். முடியாது. அஞ்சல் வழியாகவோ தூதரகத்திலோ வாக்களிக்க வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கு இதுவரை வசதி இல்லை. ஆனால், வெளிநாட்டில் இருந்துகொண்டே சொந்தத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயரை வைத்திருக்கவும், வாக்குப்பதிவு நாளில் ஊருக்குச் சென்று வாக்களிக்கவும் உரிமை உண்டு.

வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் ஒருவர் வாக்காளராகப் பதிய முடியும் என்பது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் அடிப்படை. அதனால் வேலைக்காகக் கடல் கடந்தவர்களுக்கு நெடுங்காலம் இடமில்லாமல் இருந்தது. 2010இல் சேர்க்கப்பட்ட 20ஏ பிரிவு இதை மாற்றி, வேறு நாட்டுக் குடியுரிமை பெறாத இந்தியர் எவரும் தம் கடப்பிதழில் உள்ள இந்திய முகவரியின்படி பதிந்துகொள்ளலாம் என்றது.

வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர், மாணவர் ஆகியோருடன் சிங்கப்பூர் நிரந்தரவாசியும் இதில் அடங்குவார். நிரந்தரவாசம் கிடைத்ததும் இந்திய வாக்குரிமை போய்விடும் என்று பலர் நம்புவது தவறு; குடியுரிமை மாறினால்தான் உரிமை போகும். சிங்கப்பூர்க் குடிமகனான பிறகு வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் (ஓசிஐ) அட்டையை வாங்கி வைத்திருந்தாலும் இந்தியத் தேர்தலில் வாக்களிக்க இயலாது. அட்டையின் பெயரில் 'குடிமகன்' என்ற சொல் இருப்பதே இந்தக் குழப்பத்துக்குக் காரணம் என்று தோன்றுகிறது.

பதிவுக்கு உரியது 6ஏ படிவம். தேர்தல் ஆணையத்தின் இணையவாசலில் கட்டணமின்றி விண்ணப்பிக்கலாம். கடப்பிதழில் புகைப்படம், இந்திய முகவரி, செல்லுபடியாகும் விசா ஆகியவை உள்ள பக்கங்களின் நகலை இணைக்க வேண்டும். விண்ணப்பித்தபின் வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஊர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார் என்பதால், வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. வேறோர் இடத்தில் ஏற்கெனவே பெயர் இருந்தால் அதை மறைக்கக் கூடாது. பொய்யான உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

ஒருமுறை பெயர் சேர்ந்துவிட்டால் நாடாளுமன்றம், சட்டமன்றம் இரண்டுக்கும் அதே பட்டியல்தான். தமிழ்நாட்டில் 39 மக்களவைத் தொகுதிகளும் 234 சட்டமன்றத் தொகுதிகளும் உள்ளன. ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் வரும். இந்த எல்லைகள் மாவட்ட எல்லையோடு பொருந்த வேண்டியதில்லை. சிங்கப்பூரில் ஏராளமானோர் வேலை செய்யும் புதுக்கோட்டை மாவட்டத்தையே பாருங்கள்: புதுக்கோட்டை, கந்தர்வகோட்டை தொகுதிக்காரர்கள் திருச்சிராப்பள்ளி உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்; விராலிமலை கரூரிலும், திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையிலும், அறந்தாங்கி ராமநாதபுரத்திலும் அடங்கும். ஒரே மாவட்டத்தைச் சேர்ந்த, ஒரே விடுதி அறையில் தங்கியிருக்கும் நான்கு பேர் நான்கு வெவ்வேறு எம்பிக்களுக்கு வாக்களிப்பவர்களாக இருக்கலாம்.

இரண்டு தேர்தலிலும் தொகுதியில் அதிக வாக்கு பெற்றவரே வெற்றி பெறுவார்; பாதிக்கு மேல் பெற வேண்டும் என்ற விதி இல்லை. ஆட்சி அமைக்க மக்களவையின் 543 இடங்களில் 272, தமிழ்நாட்டுப் பேரவையில் 118 தேவை.

வாக்குச்சாவடிக்கு அசல் கடப்பிதழைக் கொண்டுசெல்ல வேண்டும். வெளிநாடுவாழ் வாக்காளருக்குப் புகைப்பட அடையாள அட்டை கிடையாது. பட்டியலின் கடைசியில் தனிப்பகுதியில் இருக்கும் பெயரை அலுவலர் கடப்பிதழோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். பிறகு எல்லாம் வழக்கம்போல்தான்: இடக்கை ஆள்காட்டி விரலில் மை, பொத்தானில் ஓர் அழுத்தல், யாருக்கு வாக்களித்தோம் என்பதைக் காட்டி, கண்ணாடிக்குப் பின்னால் ஏழு நொடிகள் தெரிந்து மறையும் தாள்.

இதற்காக விமானம் ஏறுபவர்கள் குறைவு. 2024 மக்களவைத் தேர்தலில் ஏறத்தாழ 1.19 லட்சம் வெளிநாடுவாழ் வாக்காளர்கள் பதிந்திருந்தும், நேரில் வந்து வாக்களித்தவர்கள் 3,000 பேர்கூட இல்லை; அவர்களிலும் பெரும்பாலோர் கேரளத்தவர். விடுப்பும் பயணச்சீட்டும் கைக்கு எட்டாத தொழிலாளிக்கு இந்த உரிமை பெரும்பாலும் காகிதத்தில்தான் இருக்கிறது. தமக்குப் பதிலாக மற்றொருவரை வாக்களிக்க நியமிக்கும் வசதிக்கான மசோதா 2018இல் மக்களவையில் நிறைவேறியபோதும், மாநிலங்களவையைக் கடக்காமல் 2019இல் காலாவதியானது.

ஊரிலேயே தங்கிவிடுவது என்று திரும்பியவர்கள் 6ஆம் படிவத்தின் வழி சாதாரண வாக்காளராகப் பதிந்துகொள்ள வேண்டும்.