பாகிஸ்தானின் 295-சி: ஒரு புகார் போதும்

பாகிஸ்தானின் மத நிந்தனைச் சட்டம் என்று செய்திகளில் வருவது தனிச் சட்டம் இல்லை, அந்த நாட்டுத் தண்டனைச் சட்டத்தில் இருக்கும் சில பிரிவுகள். இதில் பழையது 1927-ல் பிரிட்டிஷ் ஆட்சி கொண்டுவந்த 295-ஏ. வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு மத உணர்வைப் புண்படுத்தினார் என்று நிரூபிக்க வேண்டும், வழக்கு நடத்த அரசின் முன் அனுமதியும் வேண்டும். இந்தியாவிலும் இதே பிரிவு உண்டு, இப்போது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நியாய சன்ஹிதாவில் அது 299.

ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் காலத்தில்தான் நிலைமை மாறியது. 1982-ல் 295-பி வந்தது, குர்ஆனை அவமதித்தால் ஆயுள் தண்டனை. 1986-ல் 295-சி, நபியை அவமதித்தால் மரணம் அல்லது ஆயுள். ஆயுள் போதாது, மரணம்தான் என்று 1990-ல், சட்டங்கள் இஸ்லாத்துக்கு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் ஷரியத் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த 295-சி-யில் நோக்கம் என்ற பேச்சே கிடையாது, சாடையாக, மறைமுகமாகச் சொன்னதாக ஒருவர் புகார் கொடுத்தாலே போதும், அரசு அனுமதியும் தேவையில்லை, விசாரிக்கும் நீதிபதி முஸ்லிமாகவே இருக்க வேண்டும்.

சரி, இது எப்படிப் பயன்படுகிறது? 2009 ஜூனில் பஞ்சாப் மாகாணத்தில் ஒரு தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்த ஆசியா பீபி என்ற கிறிஸ்தவப் பெண் தண்ணீர் எடுத்துவந்தார், அவர் கை பட்டதைக் குடிக்க மாட்டோம் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்ல, வாய்த்தகராறு ஆனது. ஐந்து நாள் கழித்து ஊர் இமாம் புகார் கொடுத்தார், அடுத்த ஆண்டே தூக்குத் தண்டனை. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் விடுவிக்கும்வரை அவர் சிறையில்தான் கிடந்தார். அவருக்காகப் பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீரை 2011 ஜனவரியில் சொந்தப் பாதுகாவலரே சுட்டுக் கொன்றார், மார்ச்சில் சிறுபான்மையினர் துறை அமைச்சர் ஷாபாஸ் பட்டியும் கொல்லப்பட்டார். 295-சி-யில் அரசு இதுவரை யாரையும் தூக்கிலிட்டதில்லை. கொலைகளை எல்லாம் செய்வது வெளியே இருப்பவர்கள், அதனால்தான் விடுதலையான பிறகும் ஆசியா பீபி கனடாவுக்குப் போக வேண்டியிருந்தது.

முஸ்லிம்கள் மீதும் நிறைய வழக்குகள் இருக்கின்றன. ஆனால் மக்கள்தொகையில் நான்கு சதவீதம்கூட இல்லாத சிறுபான்மையினர் மீது பாயும் வழக்குகள் அந்த விகிதத்தைவிடப் பல மடங்கு அதிகம், ஒருவர் மேல் புகார் வந்தால் மொத்தத் தெருவும் தண்டிக்கப்படுகிறது. 2023 ஆகஸ்டில் பஞ்சாப் மாகாணத்தின் ஜரன்வாலா ஊரில் அப்படித்தான் தேவாலயங்களும் வீடுகளும் எரிந்தன. தங்களை முஸ்லிம் என்று கருதினாலும் பாகிஸ்தான் சட்டம் அப்படி ஏற்காத அகமதியர் என்ற பிரிவினரின் நிலை இன்னும் மோசம். 1984-ல் வந்த 298-பி, 298-சி பிரிவுகளின்படி அவர்கள் தங்களை முஸ்லிம் என்று சொன்னாலோ தொழும் இடத்தை மசூதி என்று அழைத்தாலோ மூன்றாண்டு வரை சிறை.

பாதுகாப்பு எதுவுமே இல்லையா என்றால், ஏட்டில் இருக்கிறது. 2004-க்குப் பிறகு 295-சி புகாரை எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும், ஆனால் ஸ்டேஷனைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டால் முதலில் நடப்பது கைதுதான். பொய்ப் புகாருக்கு 182, 211 பிரிவுகள் உண்டு, மத நிந்தனைப் புகார் கொடுத்தவர் மேல் அவை பாய்வது மிக அரிது. ஆசியா பீபி விடுதலையை எதிர்த்த சீராய்வு மனுவை 2019 ஜனவரியில் தள்ளுபடி செய்தபோது தலைமை நீதிபதி ஆசிப் சயீத் கோசாவே இதைச் சொன்னார்: இவ்வளவு பதற்றமான வழக்காக இல்லாவிட்டால் பொய் சொன்ன சாட்சிகள் மீது வழக்கு தொடர்ந்திருப்போம் என்று.