கரும்புல ஏதுடா மாவு?

எங்கள் தெருவில் சர்க்கரை நோய்க்கு ஒரு முகாம் போட்டார்கள். பெரியம்மா போய் விரலைக் குத்திக்கொண்டு, கையில் ஒரு நோட்டீஸோடு திரும்பினார். அதில் இரண்டாவது வரி: ‘மாவுச்சத்து உணவுகளைத் தவிர்க்கவும்.’ அன்றைக்கே இட்லி நின்றது. தோசை, ஆப்பம், சப்பாத்தி எல்லாம் நின்றன. கிரைண்டரைக் கழுவித் துடைத்து மேலே ஒரு துணியும் போட்டு மூடிவிட்டார். பத்து நாள் கழித்துப் பார்த்தால், மார்க்கெட் முனையில் கரும்புச்சாறு வண்டிப் பக்கத்தில் நிற்கிறார். கையில் பெரிய கிளாஸ்.

‘இன்னா பெரிம்மா இது?’

‘இன்னாடா, மாவு ஆவாதுன்னு தானே போட்டுக்குது? கரும்புல ஏதுடா மாவு?’

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் சொன்னது சரி. கரும்புச்சாற்றில் இருப்பது மாவு இல்லை, சர்க்கரை. தப்பு அந்த நோட்டீஸை மொழிபெயர்த்தவருடையது. சர்க்கரை, மாவு, நார் எல்லாம் அடங்கிய குலத்துக்குப் பெயர் கார்போஹைட்ரேட். அந்தப் பெயர் இருந்த இடத்தில் மாவுச்சத்து என்று எழுதிவிட்டு அவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார். பழைய வண்ணாரப்பேட்டையில் பதினெட்டு வருடமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். இந்த ஒரு சொல்லோடு நான் போட்ட சண்டைக்குக் கணக்கே கிடையாது. இன்றைக்கு எழுதித் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் சொல்லின் பிறப்பு. 1844இல் கார்ல் ஷ்மிட் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் வைத்த பெயர்தான் கார்போஹைட்ரேட்டாக நம்மிடம் வந்து சேர்ந்தது. கார்பன் என்றால் கரி, ஹைட்ரேட் என்றால் நீர் சேர்ந்தது. குளுக்கோஸில் ஆறு கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன், ஆறு ஆக்ஸிஜன். பன்னிரண்டு ஹைட்ரஜனும் ஆறு ஆக்ஸிஜனும் சேர்ந்தால் சரியாக ஆறு நீர். ஆக ஆறு கரி, ஆறு நீர். சர்க்கரையை வாணலியில் போட்டுத் தீய விட்டால் ஆவி போய்க் கரி மிஞ்சுகிறது. பெயர் பொருத்தமாகத்தான் தோன்றியிருக்கும். மாவுச்சத்துக்கு ஆங்கிலத்தில் ஸ்டார்ச் என்று பெயர், அதன் கதை வேறு. அந்தச் சொல்லின் வேருக்கே விறைப்பு என்று பொருள். துணியை விறைப்பாக்கப் போட்ட கஞ்சிக்குத்தான் அந்தப் பெயர் முதலில் இருந்தது, சமையலறைக்கு அது பிறகுதான் வந்தது. துணி வெளுத்தவர்களால் பெயர் பெற்ற பேட்டையில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுவதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு.

இப்போது வழக்குக்கு வருகிறேன்.

மாவுச்சத்து நல்ல சொல். அரிசி, கிழங்கு, ஜவ்வரிசி, மைதா இவற்றில் இருக்கும் ஸ்டார்ச்சுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. பாடப்புத்தகத்திலும் ஸ்டார்ச்சைத்தான் அப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தப் பெயரைத் தூக்கி மொத்தக் குலத்துக்கும் வைத்தால், ஸ்டார்ச்சை என்னவென்று கூப்பிடுவது? ஒரு பாக்கெட்டின் பின்பக்க அட்டவணையைத் தமிழில் எழுதிப் பாருங்கள். ‘மாவுச்சத்து 20 கிராம். அதில் சர்க்கரை 12 கிராம், மாவுச்சத்து 5 கிராம், நார்ச்சத்து 3 கிராம்.’ எந்த மாவுச்சத்து எதற்குள் இருக்கிறது?

பாலை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு மில்லி பசும்பாலில் ஏறக்குறைய 5 கிராம் லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை, இருக்கும். ஒரு பத்திரிகையின் ஆரோக்கியப் பக்கத்தில் அதை ‘பாலில் உள்ள மாவுச்சத்து’ என்று அச்சடித்திருந்தார்கள். பாலில் மாவுச்சத்து இருந்தால் அது கலப்படம் ஐயா! தண்ணி ஊற்றிய பாலைக் கெட்டியாகக் காட்டத்தான் மாவு கலப்பார்கள். அதைப் பிடிக்கத்தான் அயோடின் சொட்டு விட்டுப் பார்ப்பார்கள், நீலம் வந்தால் மாட்டினான். ஒரு மொழிபெயர்ப்பாளர் பேனாவைத் திறந்து, ஊரில் இருக்கிற பால்காரர் அத்தனை பேரையும் குற்றவாளியாக்கிவிட்டார்.

இன்னும் தள்ளிப் போனால் வேடிக்கை கூடும். எம்.சி. ரோட்டில் வாங்கிய என் பருத்தி வேட்டி செல்லுலோஸ். செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் குளுக்கோஸாகக் கோத்த நீளச் சங்கிலி. அந்த வேட்டிக்குப் போடும் கஞ்சி ஸ்டார்ச். அதுவும் குளுக்கோஸ் குளுக்கோஸாகக் கோத்ததுதான். ஒரு மணி, இரண்டு கோப்பு. ஸ்டார்ச்சில் கோத்த விதத்துக்கு ஆல்பா பிணைப்பு என்று பெயர், செல்லுலோஸில் பீட்டா பிணைப்பு. நம் எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி ஆல்பாவை வெட்டும், அதனால்தான் வெறும் சோற்றை நீண்ட நேரம் மென்றால் இனிக்கிறது. பீட்டாவை வெட்டும் கத்தி நம்மிடம் இல்லை. வேட்டியை எவ்வளவு மென்றாலும் இனிக்காது. மின்ட் பக்கம் சுவரில் ஒட்டிய போஸ்டரை மாடு உரித்துத் தின்பதை எல்லோரும் பார்த்திருப்போம். காகிதம் செல்லுலோஸ், பின்னால் தடவியது மைதா பசை. மாட்டின் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் பீட்டாவையும் வெட்டிக்கொடுத்துவிடுவதால் அதற்கு இரண்டும் சாப்பாடு. கார்போஹைட்ரேட்டை மாவுச்சத்து என்றால் என் வேட்டியும் மாவு, போஸ்டரும் மாவு. காசிமேட்டில் வாங்கி வரும் நண்டின் ஓடு இருக்கிறதே, அதில் உள்ள கைட்டின், அதுவும் இந்தக் குலத்துப் பிள்ளைதான். நண்டு ஓட்டில் மாவு என்று எழுத யாருக்காவது மனசு வருமா?

இதற்கு ஒரு பதில் உண்டு. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், தண்டையார்பேட்டையில் இருக்கிறார், என்னை மடக்கியே விட்டார். ‘தம்பி, இது சினையாகுபெயர். தலைக்கு ஒரு பழம் கொடு என்றால் ஆளுக்கு ஒரு பழம் என்றுதானே பொருள்? உறுப்பின் பெயர் முழுசுக்கு ஆகி வரும். நம்ம சாப்பாட்டில் பெரும்பங்கு மாவு, அதனால் அந்தப் பெயர் குலத்துக்கு ஆகி வந்தது.’ இரண்டு நாள் யோசித்தேன். இலக்கணம் சரி, இடம் சரியில்லை. தலைக்கு ஒரு பழம் என்றால் எவரும் முண்டத்தை வாசலில் நிறுத்திவிட்டு வருவதில்லை, கேட்பவருக்கு முழு ஆளும் மனசில் வந்துவிடுகிறது. மாவு என்றதும் பெரியம்மாவுக்குக் கரும்பு மனசில் வந்ததா? வரவில்லையே. கேட்பவர் மனசில் முழுப்பொருளும் வராதபோது அந்த ஆகுபெயர் எங்கே ஆகி வந்தது? ஐயாவிடம் இதைச் சொன்னேன். காபி வந்தது, பேச்சு வேறு பக்கம் போனது.

‘மக்களுக்குப் புரியணும்ல’ என்று ஒரு கட்சி இருக்கிறது. பெரியம்மாவுக்கும் புரியத்தான் செய்தது, தப்பாக. புரியாத சொல்லாக இருந்தால் யாரையாவது கேட்டிருப்பார்.

எதிர்முனையில் இன்னொரு கூட்டம். கரியையும் நீரையும் ஒட்டித் தனித்தமிழ்ச் சொல் செய்கிறவர்கள். கரிநீரேற்று, கரிமநீரேறி என்ற ரீதியில் போகும். தமிழ்ப்பற்றில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எதை மொழிபெயர்க்கிறோம் என்று பார்க்க வேண்டாமா? ஷ்மிட் காலத்துப் பெயரே பிழையான பெயர். இந்தப் பொருளுக்குள் நீர் நீராக எங்கும் உட்கார்ந்திருக்கவில்லை, கணக்கு மட்டும் ஒத்துப்போகிறது. அந்தக் கணக்கும் முழுசாக ஒத்துப்போகவில்லை. டிஎன்ஏவில் இருக்கும் டிஆக்ஸிரைபோஸில் ஐந்து கார்பன், பத்து ஹைட்ரஜன், நான்கே ஆக்ஸிஜன். சர்க்கரைதான், கணக்கில் நிற்காது. தயிரைப் புளிக்க வைக்கும் லாக்டிக் அமிலத்தில் மூன்று கார்பன், ஆறு ஹைட்ரஜன், மூன்று ஆக்ஸிஜன். கணக்கில் கச்சிதமாக நிற்கும், சர்க்கரை கிடையாது. நண்டு ஓட்டுக் கைட்டினில் நைட்ரஜன் வேறு இருக்கிறது. எமில் ஃபிஷர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் சர்க்கரைகளின் உள்ளமைப்பை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டி 1902இல் நோபல் பரிசு வாங்கிய பிறகு, கரியும் நீரும் என்ற பொருள் செத்துப்போய்ப் பெயர் மட்டும் மிஞ்சியது. ஆங்கிலக்காரர் அந்தப் பெயரை வெறும் ஒலியாகத்தான் வைத்திருக்கிறார். நாம் மட்டும் செத்த பொருளைத் தோண்டியெடுத்துத் தமிழில் உயிர் கொடுப்பானேன்? போதாததற்கு, நீரேற்று என்றால் எங்கள் பக்கத்தில் மோட்டார் ஓடும் நிலையம்தான் ஞாபகம் வரும்.

ஈழத்தில் ஸ்டார்ச்சுக்கு மாப்பொருள் என்றும், குலத்துக்குக் காபோவைதரேற்று என்றும் பாடநூலில் பிரித்தே வைத்திருக்கிறார்கள். ஒலி நம் காதுக்குக் கொஞ்சம் புதுசு. ஆனால் பிரித்தார்களே, அதற்கு ஒரு கும்பிடு.

என் ஓட்டு எதற்கு என்று கேட்டால், சர்க்கரையம். காரணம் எளிது. குலத்தின் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே ஒற்றைச் சர்க்கரை, இரட்டைச் சர்க்கரை, கூட்டுச் சர்க்கரை என்று பெயர் வைத்துவிட்டோம். பிள்ளைகள் எல்லாம் சர்க்கரை, அப்பன் மட்டும் மாவு என்றால் எப்படி? வேதியியலில் இந்தக் குலத்துக்கு சாக்கரைடு என்ற பெயரும் உண்டு. அதன் வேரும் நம் சர்க்கரையின் வேரும் ஒன்றே. சமஸ்கிருதத்தில் பரல், சரளை என்று பொருள்படும் சர்க்கரா, பிராகிருத வழியாக கிரேக்கம் போய் சாக்கரைடு ஆனது, பாரசீகம், அரபி வழியாகப் போய் சுகர் ஆனது. ஆங்கிலத்தில் இருந்து கடன் வாங்கும் சிக்கலே இதில் இல்லை.

வடசொல் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அவர்களைக் கோயில் மடைப்பள்ளிக்குக் கூட்டிப்போய் அக்கார அடிசிலைக் காட்ட வேண்டும். அக்காரமும் அதே வேரில் இருந்து சகரத்தை உதிர்த்துக்கொண்டு வந்ததுதான். எங்கள் பாட்டி வெள்ளைச் சர்க்கரையை அஸ்கா என்பார். கஞ்சம் மாவட்டத்தில் அஸ்கா என்று ஒரு ஊர், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது, இப்போது ஒடிசாவில். அங்கிருந்த ஆலைச் சர்க்கரை ஊர்ப் பெயரோடு இங்கே வந்து இறங்கியது. சீனி என்றால் சீனத்தில் இருந்து வந்தது. இனிப்புக்கு நாம் வைத்திருக்கிற பெயர்களில் பாதி கப்பலேறியோ ரயிலேறியோ வந்தவை. அதற்காகத் தொண்டையில் இறங்காமலா போயிற்று?

சர்க்கரையம் என்றாலும் குழப்பம் வரும், மறைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் சர்க்கரை என்றால் டீயில் போடுவதும் அதுவே, நோயும் அதுவே. அதனால் இந்தச் சொல் வகுப்பறைக்கு. நோட்டீஸுக்கு அது வேண்டாம், கார்போஹைட்ரேட்டும் வேண்டாம். ‘மாவும் சர்க்கரையும்’ என்று இரண்டு சொல் போட்டால் முடிந்தது. ஒரு சொல்லுக்கு ஒரு சொல்தான் வைப்பேன் என்று மொழிபெயர்ப்பாளர் பிடிக்கும் பிடிவாதத்தில் பாதிச் சிக்கல்.

மீதிச் சிக்கல் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போடுவது. புரதம் தப்பித்தது. புரோட்டீனின் ஒலியும் தெரிகிறது, தமிழ் மாதிரியும் இருக்கிறது, வேறு எதோடும் முட்டவில்லை. கொழுப்பின் கதி அப்படியில்லை. நெய்யும் எண்ணெயும் கொழுப்பு, மெழுகும் கொலஸ்ட்ராலும் சேர்ந்த லிப்பிடு என்ற பெருங்குடும்பமும் கொழுப்பு, கொலஸ்ட்ராலும் தனியாகக் கொழுப்பு. போதாதென்று திமிருக்கும் அதே பெயர். கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய் என்று இங்கிலீஷில் இருந்ததை ‘கொழுப்பு இல்லாத எண்ணெய்’ என்று ஒரு விளம்பரத்தில் மாற்றியிருந்தார்கள். எண்ணெயே கொழுப்புதானே, அப்புறம் பாக்கெட்டில் என்ன, மெட்ரோ வாட்டரா? நியூக்ளிக் அமிலத்துக்கு அணுக்கரு அமிலம் என்று என் மாணவி ஒருத்தி எங்கேயோ பார்த்து எழுதிக்கொண்டு வந்தாள். 1869இல் மீஷர் என்ற சுவிஸ் ஆய்வாளர் சீழ் படிந்த கட்டுத்துணிகளில் இருந்து செல்களைப் பிரித்து, அவற்றின் உட்கருவில் இருந்து கண்டெடுத்த பொருள் அது. அணுக்கரு என்றால் கல்பாக்கத்துச் சமாச்சாரம். கருவமிலம் என்ற சொல் இருக்கிறதே, சின்னதாக, அழகாக. கையில் இருப்பதை விட்டுவிட்டு ஏன் அலைகிறார்கள் என்று புரியவில்லை.

பெரியம்மாவிடம் வாயால் சொல்லிப் பயனில்லை என்று அயோடின் புட்டியை எடுத்துக்கொண்டு போனேன். மூன்று கிண்ணம். ஒன்றில் வடித்த கஞ்சி ஆற வைத்தது, ஒன்றில் பால், ஒன்றில் அஸ்கா கரைத்த தண்ணீர். கஞ்சியில் ஒரு சொட்டு விட்டேன். மைக்கூட்டைக் கவிழ்த்த மாதிரி கருநீலம். ‘அய்ய!’ என்று பின்னால் நகர்ந்தார். பாலிலும் சர்க்கரைத் தண்ணீரிலும் நீலம் வரவில்லை, அயோடினின் பழுப்பு லேசாகத் தெரிந்ததோடு சரி. நான் வெற்றிச் சிரிப்போடு நிமிர்ந்தேன். அவர் மூன்றாவது கிண்ணத்தைக் கிட்டே இழுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: ‘அப்போ நான் சொன்னது கரெக்ட்டு தானே? நீலம் ஆவாதது குடிக்கலாம்.’

அயோடினைப் பையில் போட்டேன். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸை எடுத்து, மாவுச்சத்து என்பதைப் பேனாவால் அடித்து, மேலே ‘மாவும் சர்க்கரையும் குறைக்கவும்’ என்று எழுதினேன். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். கரும்புன்னு போடலியே என்றார். ஓரத்தில் இருந்த இடத்தில் ‘கரும்புச்சாறும் சேர்த்துத்தான்’ என்று நெருக்கி எழுதி மறுபடி ஒட்டினேன்.