துண்டுக்கு அடியில் எண்ணெய் விலை

சித்தப்பா மாட்டை இறக்கி முளையில் கட்டியதும் தரகர் மாட்டின் பக்கம் திரும்பவே இல்லை. "வண்டிய அனுப்பிட்டியாப்பா?" என்றுதான் முதலில் கேட்டார்.

பொய்கை மாட்டுச் சந்தை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வேலூரிலிருந்து பள்ளிகொண்டா போகிற வழியில் இருக்கிற ஊர். எங்களைக் கொண்டுவந்துவிட்ட மினி லாரிக்காரர் வேறு சவாரி இருக்கிறதென்று கிளம்பிவிட்டிருந்தார். "அனுப்பிட்டேன்ணா" என்று சித்தப்பா உள்ளதைச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம்தான் தரகர் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்தார், மடியைத் தொட்டார், தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு பேர் கைமேலும் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேரத்தை ஆரம்பித்தார்.

மடி பெருத்துத் தெரியட்டும் என்று காலையில் கறக்காமலே ஓட்டிவந்திருந்தோம். பத்து மணி தாண்டியதும் மாடு காலை மாற்றி மாற்றி வைக்க ஆரம்பித்தது. காம்பிலிருந்து பால் தானாகச் சொட்டியது. சரியாக அந்த நேரத்தில் வாங்க வந்தவர், "யோசிச்சு வைங்க, டீ குடிச்சிட்டு வரேன்" என்று போய்விட்டார். அவர் திரும்பி வந்தபோது சித்தப்பாவின் விரல்கள் இறங்கிவிட்டன.

எண்ணெய் வளமுள்ள ஏழை நாடுகள் பெரிய நாடுகளோடும் பெரிய கம்பெனிகளோடும் நடத்திய பேரங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தரகரின் முதல் கேள்விதான் நினைவுக்கு வருகிறது. பூமிக்கடியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்பது விலையில் பாதிதான். விற்காமல் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும் என்பது மீதிப் பாதி.

இதற்குக் கணக்கே இருக்கிறது. ஜான் நாஷ் 1950இல் பேரம் பற்றி ஒரு கணிதக் கட்டுரை எழுதினார். அதன் சாரத்தை மாட்டை வைத்தே சொல்லலாம். மாட்டை வீட்டுக்குத் திருப்பி ஓட்டிப் போனால் சித்தப்பாவுக்கு அது 40,000 ரூபாய் பெறும். வாங்குபவருக்கு 50,000 வரை கொடுத்தாலும் கட்டும். இடையில் இருக்கிற 10,000 ரூபாயைத்தான் இருவரும் பங்குபோடுகிறார்கள். சமமாகப் பிரித்தால் விலை 45,000. இப்போது வண்டி போய்விட்டது. திரும்பிப் போக வாடகை, அலைச்சல், மடி கட்டிக்கொள்ளும் அபாயம் எல்லாம் சேர்த்து, விற்காமல் போனால் மாட்டின் மதிப்பு அவருக்கு 35,000தான் என்று வையுங்கள். அதே சமப் பங்கீட்டில் விலை 42,500க்கு இறங்கிவிடுகிறது. மாடு அதே மாடுதான். 1982இல் பொருளியலாளர் ஏரியல் ரூபின்ஸ்டைன் இன்னொன்றையும் சேர்த்தார்: மாறி மாறி விலை சொல்லும் பேரத்தில், தாமதம் யாரை அதிகம் உறுத்துகிறதோ அவருடைய பங்கு சுருங்கும். டீ குடிக்கப் போனவர் எந்தக் கட்டுரையையும் படித்திருக்க மாட்டார், ஆனால் அதைத்தான் செய்தார்.

எண்ணெய்க் கிணறும் கறக்காத மடி மாதிரிதான். வேண்டாத போது மூடிவைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் எண்ணெய் பூமிக்கடியில் ஏரி போல் தேங்கி நிற்பதில்லை. பாறையின் நுண்துளைகளில் ஈரம் போல் ஊறிக் கிடக்கிறது. கீழே இருக்கும் நீரும் மேலே இருக்கும் வாயுவும் கொடுக்கும் அழுத்தத்தில் கிணற்றை நோக்கி மெல்ல நகர்கிறது. ஓட்டத்தை நிறுத்தினால் இந்தச் சமநிலை கலையலாம். மறுபடி திறக்கும்போது எண்ணெயோடு நீர் அதிகமாக வரலாம், குளிர்ந்த குழாய்களில் மெழுகு படியலாம். சில கிணறுகள் பழைய அளவுக்கு எப்போதுமே திரும்புவதில்லை.

இதை முழுசாக அனுபவித்த நாடு தெற்கு சூடான். 2011 ஜூலையில் சுதந்திரம் பெற்றபோது எண்ணெய் வயல்களில் பெரும்பகுதி அதன் பக்கம் வந்தது. துறைமுகமும் அதுவரை போகும் குழாயும் வடக்கே சூடான் பக்கம் நின்றுவிட்டன. குழாய் வழியே அனுப்ப ஒரு பீப்பாய்க்கு 36 டாலர் வரை கேட்டது சூடான். தெற்கு சூடான் சொன்னது ஒரு டாலருக்கும் கீழே. எங்கள் எண்ணெயைத் திருடுகிறீர்கள் என்று குற்றம்சாட்டி, 2012 ஜனவரியில் தெற்கு சூடான் தன் கிணறுகளைத் தானே மூடிவிட்டது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 3,50,000 பீப்பாய் நின்றது. அரசின் வருமானத்தில் 98 சதவீதம் அந்த எண்ணெய்தான்!

இங்கே வேதியியலும் குறுக்கே வந்தது. அங்கே கிடைக்கும், டார் (Dar) என்று பெயரிட்ட வகை எண்ணெயில் மெழுகு மிக அதிகம். 30 டிகிரி வெப்பத்திலேயே உறைந்து நிற்கக்கூடியது. மார்கழிக் காலையில் நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தாலும் விழாது அல்லவா, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் குழாய் முழுக்க அப்படி ஆனால் என்ன செய்வது? அதனால் எண்ணெயை வெளியேற்றிவிட்டுக் குழாயில் நீரை நிரப்பினார்கள். 2012 செப்டம்பரில் அடிஸ் அபாபாவில் ஒப்பந்தம் ஆனது. பீப்பாய்க்குச் சுமார் 9 முதல் 11 டாலர், அதுபோக சூடானுக்கு ஈடுகட்ட ஏறக்குறைய 300 கோடி டாலர். எண்ணெய் மறுபடி ஓடத் தொடங்கியது 2013 ஏப்ரலில். அந்த ஒன்றேகால் வருடம் சூடானும் கஷ்டப்பட்டது, உண்மைதான். ஆனால் புதிதாகப் பிறந்த ஒரு நாடு தன் மொத்த வருமானத்தையும் பணயம் வைத்தது. துண்டுக்கு அடியில் இவ்வளவு தைரியமாக யாரும் கைவிட்டு நான் படித்ததில்லை. அதற்கு அந்த மக்கள் கொடுத்த விலையும் பெரிது.

குழாயின் கதை எப்போதும் இப்படித்தான். கப்பலில் போகும் எண்ணெய் நடுக்கடலில் திசை மாறி வேறு ஊருக்குப் போகலாம், குழாய்க்கு ஒரே வாய்தான். துர்க்மெனிஸ்தான் தன் இயற்கை வாயுவைப் பல வருடம் பெரும்பாலும் ரஷ்யா வழியாகத்தான் விற்க முடிந்தது. 2009 டிசம்பரில் சீனாவுக்குப் புதுக் குழாய் திறந்ததும் அங்கே பெரிய கொண்டாட்டம். சில வருடங்களிலேயே ரஷ்யா வாங்குவதை நிறுத்திவிட, முன்பு ரஷ்யா இருந்த இடத்தில் சீனா உட்கார்ந்துகொண்டது.

சரி, விலையை எழுதுவது யார்? 1950களில் பெரிய மேற்கத்திய கம்பெனிகளே அறிவிப்பு விலை என்று ஒன்றைப் போடுவார்கள். அதை வைத்துத்தான் எண்ணெய் நாட்டுக்கு வரி வரும். 1960 ஆகஸ்டில் எஸ்ஸோ என்ற அமெரிக்கக் கம்பெனி அந்த விலையை யாரையும் கேட்காமல் குறைத்தது. அடுத்த மாதமே ஈரான், ஈராக், குவைத், சவுதி அரேபியா, வெனிசுவேலா ஐந்தும் பாக்தாத்தில் கூடி ஓபெக் அமைப்பைத் தொடங்கின. தனியாக நின்றால் மடி கடுக்கும், ஐந்து பேர் சேர்ந்தால் வாங்குபவரை டீக்கடையிலேயே உட்காரவைக்கலாம் என்ற எண்ணம். அது பலிக்கப் பதின்மூன்று வருடம் ஆனது. 1973 இறுதியில் பீப்பாய் 3 டாலர் அளவிலிருந்து சில மாதங்களில் 11 டாலரைத் தாண்டியது.

இப்போது விலை ஒரு சூத்திரமாக வருகிறது. உதாரணமாக, சவுதியின் அரசு எண்ணெய்க் கம்பெனியான அராம்கோ ஒவ்வொரு மாதமும் ஆசியாவுக்கு விற்கும் எண்ணெய்க்கு, ஓமான், துபாய் எண்ணெய்களின் சராசரி விலைக்கு மேல் இத்தனை டாலர் அல்லது கீழ் இத்தனை டாலர் என்று அறிவிக்கும். பேரம் முழுக்க அந்தக் கூட்டல் கழித்தலில்தான். அதைத் தீர்மானிப்பதில் எண்ணெயின் குணத்துக்குப் பெரிய பங்கு. கந்தகம் குறைந்ததை இனிப்பு என்பார்கள், மிகுந்ததைப் புளிப்பு என்பார்கள். அப்புறம் கனம். வெனிசுவேலாவின் ஒரினோகோ பகுதி எண்ணெய் சில இடங்களில் நீரைவிடக் கனமானது. நாப்தா போன்ற மெல்லிய எண்ணெயைக் கலந்தால்தான் குழாயில் ஓடும். அதைச் சுத்திகரிக்கத் தகுந்த ஆலைகளும் குறைவு. மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய அமெரிக்கக் கரையில் சில, நம் ஜாம்நகர் போல் இன்னும் சில. 2019 ஜனவரியில் அமெரிக்கா தடை போட்டபோது வெனிசுவேலாவுக்கு வாங்குபவரும் போனார், கலக்கும் நாப்தாவும் போனது.

இனி தென் அமெரிக்காவின் வடகரையில் இருக்கிற கயானா. 1845 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கூலி ஒப்பந்தத்தில் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே மதராசிகள் என்ற பேரோடு மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள். அதனால் அந்த நாட்டின் கணக்கை நான் சற்று நின்று பார்ப்பேன். 2015இல் எக்ஸான் என்ற அமெரிக்கக் கம்பெனி அங்கே கடலடியில் பெரிய எண்ணெய் வயலைக் கண்டுபிடித்தது. 2016இல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அதன்படி 100 பீப்பாய் வந்தால், 75 வரை கம்பெனி தன் செலவுக்காக எடுத்துக்கொள்ளலாம். மிச்சம் 25இல் ஆளுக்குப் பாதி. அதோடு எடுக்கும் எண்ணெய் மொத்தத்துக்கும் 2 சதவீதம் ராயல்டி என்ற உரிமைத் தொகை. ஆக, செலவு ஈடாகும் வரை கயானாவுக்கு 100க்கு 14.5 பீப்பாய்தான். கம்பெனி கட்டவேண்டிய வருமான வரியும் அரசின் பங்கிலிருந்தே போகிறது.

ஏன் கையெழுத்துப் போட்டார்கள்? கடலடியில் என்ன இருக்கிறது என்று காட்டும் நில அதிர்வுப் படங்களைப் படிக்கத் தெரிந்த ஆட்கள் கம்பெனியிடம் இருந்தார்கள். கயானாவிடம் அனுபவம் இல்லை, பக்கத்தில் அண்டை நாட்டோடு எல்லைத் தகராறு வேறு. மாட்டின் பல்லைப் பார்க்கத் தெரியாமல் துண்டுக்குள் கையை விட்ட நிலை. பொதுவாக இந்த நிலை நீடிப்பதில்லை. கம்பெனி பணத்தைக் கொட்டி மேடையும் கிணறும் அமைத்தபின் அதைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது, அப்போது பேரம் பேசும் பலம் நாட்டின் பக்கம் சாயும் என்று 1971இல் பொருளியலாளர் ரேமண்ட் வெர்னன் விளக்கினார். அதற்குத்தான் கம்பெனிகள் முன்கூட்டியே, பின்னாளில் சட்டம் மாறினாலும் எங்கள் பங்கு மாறாது என்றொரு பிரிவை எழுதி வாங்கிக்கொள்கின்றன. கயானா ஒப்பந்தத்திலும் அது உண்டு. புதிய பகுதிகளுக்கு மட்டும் ராயல்டியை 10 சதவீதமாகவும் செலவு வரம்பை 65 சதவீதமாகவும் கயானா மாற்றி எழுதியிருக்கிறது. முதல் ஒப்பந்தம் அப்படியேதான் நிற்கிறது. எனக்கு இது நெஞ்சில் குத்துகிறது. ஆம்பூரில் ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் சிறு முதலாளிகளைக் கேட்டால் தெரியும், வெளிநாட்டு பையர் சொல்லும் விலைக்கு ஏன் தலையாட்டுகிறோம் என்று. தோல் வாங்கியாகிவிட்டது, ஆள் வைத்தாகிவிட்டது, வங்கியில் வட்டி ஓடுகிறது.

ஆனால் எண்ணெய் என்று வந்தால் நாம் டீக்கடைப் பக்கத்து ஆட்கள். இந்தியாவுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. கத்தாரிடமிருந்து திரவ வாயு (குளிரவைத்துத் திரவமாக்கிய இயற்கை வாயு) வாங்கும் நீண்டகால ஒப்பந்தத்தின் விலைச் சூத்திரம் ஐந்து வருடச் சராசரியில் ஓடிக்கொண்டிருந்தது. 2014-15இல் சந்தை விலை சரிந்தபோது நாம் ஒப்பந்த அளவைவிடக் குறைவாகவே எடுத்தோம். 2015 கடைசி நாளில் கத்தார் இறங்கிவந்தது. ஐந்து வருடச் சராசரி மூன்று மாதச் சராசரியானது, விலை ஏறக்குறைய பாதியானது, எடுக்காத வாயுவுக்கான சுமார் 12,000 கோடி ரூபாய் அபராதமும் தள்ளுபடி. பதிலுக்கு இன்னும் கொஞ்சம் வாயு வாங்க ஒப்புக்கொண்டோம். அப்போது உலகம் முழுக்கத் திரவ வாயு மலிந்து கிடந்தது. நமக்கு வேறு கடை இருந்தது.

வாங்குபவரும் பொறுமையைச் சேமித்து வைக்கிறார். 1973 அதிர்ச்சிக்குப் பின் 1974இல் தொடங்கிய சர்வதேச எரிசக்தி முகமை, உறுப்பு நாடுகள் 90 நாள் இறக்குமதிக்கு ஈடான எண்ணெயை இருப்பில் வைக்கவேண்டும் என்கிறது. நாம் விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் மூன்று இடங்களில் பாறையைக் குடைந்து 53 லட்சம் டன் கொள்ளும் குகைகள் அமைத்திருக்கிறோம். முழுதாக நிரம்பினால் ஏறக்குறைய ஒன்பதரை நாள் தேவைக்கு வரும். பாறையில் விரிசல் இருக்குமே, எண்ணெய் கசியாதா? குகையைச் சுற்றியுள்ள பாறையில் துளைகள் போட்டு எப்போதும் நீரை நிரப்பி வைக்கிறார்கள். அந்த நீரின் அழுத்தம் உள்ளே இருக்கும் எண்ணெயின் அழுத்தத்தைவிட அதிகம். அதனால் விரிசல் வழியே நீர்தான் உள்ளே ஒழுகும், எண்ணெய் வெளியே போகாது. அடியில் தேங்கும் நீரை பம்பு வைத்து இறைத்துவிடுகிறார்கள்.

மங்களூர் குகையில் ஒரு பகுதியை 2018இல் அபுதாபியின் தேசிய எண்ணெய்க் கம்பெனி எடுத்துக்கொண்டு, தன் எண்ணெயைக் கொண்டுவந்து நிரப்பியது. விற்காத சரக்கை வாங்குபவரின் வாசலிலேயே கட்டிவைக்க அவர்களுக்கு ஓர் இடம். அவசரம் என்றால் அந்த எண்ணெயை முதலில் கேட்கும் உரிமை நமக்கு. சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலையில் 1965இலேயே ஈரானிய தேசிய எண்ணெய்க் கம்பெனி பங்குதாரராகச் சேர்ந்ததும் இதே யோசனைதான். எண்ணெய் விற்பவருக்கு நிலையான ஓர் ஆலை, நமக்கு நிலையான ஒரு கிணறு. அந்த ஆலைக் கம்பெனியின் பங்குகளில் 15 சதவீதத்துக்குச் சற்று மேல் இன்றும் அவர்கள் பக்கமே இருக்கிறது.